ஷவரைத் திறந்தால் எத்தனை பக்கெட் காலி? குளியலறைத் தண்ணீர்க் கணக்கும், சென்னை தள்ளிப்போடும் ஒரு வேலையும்

அலாரத்தை ரெண்டு முறை தள்ளிப்போட்டு எழுந்து, அவசரமாகக் குளித்து, மெட்ரோவையோ ஆபீஸ் கேபையோ பிடிக்க ஓடுகிற காலை நேரத்தில், குளியலுக்கு எத்தனை லிட்டர் செலவானது என்று யாரும் யோசிப்பதில்லை. பக்கெட்டில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளித்த வீடுகளில் அந்தக் கணக்கு கண்ணெதிரே இருந்தது. ஒரு பக்கெட்டா, ஒன்றரையா என்று குளிப்பவருக்கே தெரியும். ஷவர் வந்த பிறகு அந்த அளவுகோல் காணாமல் போய்விட்டது. தண்ணீர் மேலிருந்து விழுகிறது, கீழே ஓடிவிடுகிறது. அவ்வளவுதான் தெரியும்.

வீட்டில் தண்ணீர் மிச்சம் பிடிப்பது என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பல் தேய்க்கும்போது குழாயை மூடுவதும், ஆர்.ஓ. கழிவுநீரைப் பிடித்து வைப்பதும்தான். நல்ல பழக்கங்கள்தான். ஆனால் வீட்டில் தண்ணீர் அதிகம் செலவாகும் இடம் குளியலறை. அங்கே என்ன நடக்கிறது, எவ்வளவு குறைக்கலாம், அப்படிக் குறைத்தால் ஊருக்கு என்ன லாபம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

பாதாளச் சாக்கடை வசதியுள்ள இந்திய நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்கும்போது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அளவைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை வேலைவாரியாகப் பிரித்தால் வழக்கமாகக் காட்டப்படும் கணக்கு இது: குளிக்க 55 லிட்டர், கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5.

மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குளியலுக்கே போகிறது. சமையலையும் குடிநீரையும் சேர்த்தாலும் 10 லிட்டர்தான். ஆக, எங்கே கை வைத்தால் பலன் தெரியும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 55 லிட்டர் என்பது, 20 லிட்டர் பக்கெட்டில் கிட்டத்தட்ட மூன்று பக்கெட். பக்கெட் குளியலுக்கு இது தாராளம். ஷவருக்கு?

ஷவர் கணக்கு

சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1990களிலிருந்து நடைமுறையில் இருக்கும் தேசிய உச்சவரம்பே நிமிடத்துக்கு சுமார் 9.5 லிட்டர்தான் என்பதால், இது மிகைப்படுத்திய எண் இல்லை. 8 நிமிடம் திறந்தே வைத்துக் குளித்தால் 80 லிட்டர். அதாவது நான்கு பக்கெட். தலைக்குக் குளிக்கிற நாளில் ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் சேர்ந்து 12 நிமிடம் ஆனால், ஆறு பக்கெட்.

புது ஃபிளாட்களில் தட்டு மாதிரி அகலமாகத் தொங்கும் 'ரெயின் ஷவர்' பொருத்தி, மாடியில் பிரஷர் பம்பும் வைத்திருந்தால் கதையே வேறு. அவற்றில் நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேல் கொட்டுவது சகஜம். அதே 8 நிமிடத்தில் 120 லிட்டர் போய்விடும். ஒருவரின் ஒரு நாள் முழுத் தேவைக்கான 135 லிட்டரில் பெரும்பகுதி, காபி குடிப்பதற்கு முன்பே காலி!

அதற்காக, ஷவர் என்றாலே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிமிடத்துக்கு 7 லிட்டர் வரும் ஷவரில் 4 நிமிடம் குளித்தால் 28 லிட்டர்தான். குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட் நிரம்பி வழிய வழியக் குளிப்பவரைவிட இது குறைவு. ஆக, எவ்வளவு வேகத்தில் விழுகிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது ஆகிய இரண்டும்தான் கணக்கு.

ஒரு பக்கெட், ஒரு செல்போன் போதும்

உங்கள் வீட்டு ஷவர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். பக்கெட்டின் கொள்ளளவைப் பாருங்கள். பெரும்பாலும் அடியிலோ ஓரத்திலோ லிட்டர் போட்டிருக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி அளந்து, 10 லிட்டர் வரும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு, வழக்கமாகக் குளிக்கிற வேகத்தில் ஷவரைத் திறந்து, அந்தக் கோட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள்.

60 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 40 விநாடியிலேயே தொட்டுவிட்டால் 15 லிட்டர். 85 விநாடி ஆனால் சுமார் 7 லிட்டர். இந்த ஷவரில் மாற்ற ஒன்றுமில்லை, நேரத்தைக் கவனித்தால் போதும்.

இந்தச் சோதனையை ஒரே கட்டிடத்தின் வெவ்வேறு மாடிகளில் செய்தால் வெவ்வேறு விடை வரும். மேல்நிலைத் தொட்டிக்கும் ஷவருக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் தண்ணீரின் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடியில் தண்ணீர் சோம்பலாக வரும், தரைத்தளத்தில் சீறும். அதனால் 'எங்க வீட்ல ஃபோர்ஸே இல்லை' என்பவரும், 'ஊசி மாதிரி குத்துது' என்பவரும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

முதல் இடம், சோப்பு போடும் நேரம். உடம்பை நனைக்க ஒரு நிமிடம், அலச மூன்று நிமிடம். நடுவில் சோப்பும் ஷாம்புவும் போடுகிற நான்கு நிமிடம் தண்ணீர் சும்மாதான் ஓடுகிறது. அதை மூடினால் 80 லிட்டர் குளியல் 40 லிட்டராகிவிடும். குளியல் நேரம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை, செலவும் இல்லை. கப்பல்களில் நன்னீர் அரிது என்பதால், கடற்படையினர் பல காலமாகப் பின்பற்றும் முறை இது. 'நேவி ஷவர்' என்றே இதற்குப் பெயர்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சுடுதண்ணீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு இருந்தால், மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். அதிலேயே கொஞ்சம் தண்ணீர் போகும். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் இருந்தால், திசையை மாற்றாமல் நேராக அழுத்தி மூடலாம்; திறக்கும்போது அதே சூட்டில் வரும்.

இரண்டாவது இடம், சுடுதண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரம். குளியலறையிலேயே கீசர் இருந்தால் இழப்பு ஒன்றிரண்டு லிட்டர்தான். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்து, 30 மீட்டர் குழாய் வழியாகக் கீழே வருகிறது என்றால், முக்கால் அங்குலக் குழாய்க்குள் மட்டுமே 9 லிட்டர் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். அது முழுக்க வெளியேறிய பிறகுதான் சூடு வரும். குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட்டை வையுங்கள். அது சுத்தமான தண்ணீர். துணி அலசலாம், வீடு துடைக்கலாம், அதே குளியலில் கலந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கண்ணில் படாத கசிவு. ஷவரைத் திருப்பிய பிறகும் கீழ்க்குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால், டைவர்ட்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். குளிக்கிற நேரமெல்லாம் ஒரு பங்கு தண்ணீர் உடம்பில் படாமலே போகிறது. பிளம்பரின் அரை மணி நேர வேலை இது.

நான்காவது, குளித்த தண்ணீர். சோப்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவது நம் வீட்டுக் கொல்லைகளில் பழைய வழக்கம். அபார்ட்மென்ட்டில் கொல்லை இல்லை. ஆனால் குளிக்கும்போது பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்தால், தெறித்து நிரம்புவதைக் கழிப்பறைக்கு ஊற்றிவிடலாம். மறுநாள்வரை வைக்காதீர்கள், நாற்றம் எடுக்கும், கொசுவும் வரும்.

ஷவர் ஹெட்டை மாற்றணுமா?

உங்கள் சோதனையில் நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் வந்தால், மாற்றுவது நல்லது. தண்ணீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வகை ஹெட், அல்லது குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே பொருத்தும் சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், இரண்டில் எதுவானாலும் வேலை நடக்கும். 15 லிட்டர் கொட்டும் இடத்தில் 7 அல்லது 8 லிட்டராகக் குறைத்தாலும் முழு உடம்பும் நனையும். பெங்களூருவில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீர் வாரியம் அடுக்குமாடிகளிலும் வணிகக் கட்டிடங்களிலும் குழாய்களுக்கு ஏரேட்டர் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது இதனால்தான்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம். கடைசி மாடியில், ஏற்கெனவே அழுத்தம் குறைவான ஷவரில் இதைப் போட்டால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். குளிக்கும் நேரம் நீளும், மிச்சம் எதுவும் மிஞ்சாது. இன்ஸ்டன்ட் கீசர் வைத்திருப்பவர்கள், அது வேலை செய்யக் குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் ஓட்டம் ரொம்பக் குறைந்தால் ஹீட்டர் ஆன் ஆகாது.

சென்னையின் போர்வெல் தண்ணீர் உப்பு கக்கும் என்பது இன்னொரு பிரச்சினை. ஹெட்டின் துளைகள் அடைத்துக்கொண்டால், அதை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேய்த்தாலே சரியாகும். அடைப்பு என்று தெரியாமல் பிரஷர் பம்ப் வாங்கியவர்கள் உண்டு.

கரன்ட் பில்லிலும் தெரியும்

தண்ணீரை மிச்சம் பிடித்தால் பணம் மிச்சமாகுமா? சென்னையில் தண்ணீர் பில்லைவிட கரன்ட் பில்லில் அது முதலில் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. குழாயில் 28 டிகிரியில் வருவதைக் குளிக்கும் பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 40 லிட்டருக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. மூன்று பேர் தினமும் சுடுதண்ணீரில் குளிக்கும் வீட்டில், ஆளுக்கு 40 லிட்டர் குறைந்தால் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைத்துவந்ததும் அதே 100 யூனிட்தான். மே மாதச் சென்னையில் கீசர் போடுபவர் யாரும் இல்லை என்பதால், இது மார்கழி, தைக்கான கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

'நான் ஒருத்தன் குறைச்சா என்ன ஆயிடும்?'

நியாயமான கேள்வி. 40 ஃபிளாட், வீட்டுக்கு மூன்று பேர் என்று ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 40 லிட்டர் குறைந்தால் ஒரு நாளைக்கு 4,800 லிட்டர். 30 நாளில் 1,44,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 12. கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் குடியிருப்புகளின் மாத மெயின்டனன்ஸ் தொகையை ஏற்றி இறக்குவது இந்த லாரி எண்ணிக்கைதான்.

ஊர் அளவில் பார்ப்போம். 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரிகள் அவை. ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதும், உணவகங்கள் நேரத்தைக் குறைத்ததும் அப்போதுதான். ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, தாங்களே தட்டுப்பாட்டைப் பார்த்த ஒரு மாவட்டத்திலிருந்து வந்த தண்ணீர் அது. 62,500 பேர் ஆளுக்கு 40 லிட்டர் குறைத்திருந்தால் அதே 25 லட்சம் லிட்டர் வந்திருக்கும்.

மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 25 லட்சம் பேர் ஆளுக்கு 40 லிட்டர் குறைத்தால் அந்த அளவு வந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்க, ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. நெம்மேலியிலும் பேரூரிலும் அடுத்தடுத்துப் பெரிய ஆலைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவை தேவைதான். ஆனால் அவ்வளவு செலவில் உப்பை நீக்கிய தண்ணீர், சோப்பு போடும் நான்கு நிமிடத்தில் சும்மா ஓடுவதற்கு இல்லை.

கேப் டவுன் செய்தது என்ன?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 பிப்ரவரி 1 முதல், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதித்தது. குளியல் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று பிரசாரம் செய்தார்கள். உள்ளூர்ப் பாடகர்கள் தங்கள் பாடல்களை இரண்டு நிமிடமாகச் சுருக்கிப் பாடித் தந்தார்கள். பாட்டு முடிவதற்குள் குளித்து முடிக்க வேண்டும். 2015இல் நாளொன்றுக்கு சுமார் 120 கோடி லிட்டராக இருந்த பயன்பாடு, 2018 தொடக்கத்தில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. குழாய்கள் மூடப்படும் 'டே ஸீரோ' வரவே இல்லை.

இந்தக் கதையை நம் ஊரில் சொல்லும்போது பாட்டை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை விட்டுவிடுகிறோம். கேப் டவுனில் வீடுகளுக்கு மீட்டர் இருந்தது. அதிகம் பயன்படுத்தினால் கட்டணம் கடுமையாக ஏறியது. வரம்பு மீறிய வீடுகளில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தினார்கள். நகரம் முழுக்கக் குழாய் அழுத்தத்தைக் குறைத்தார்கள். எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தையே இணையத்தில் போட்டார்கள். இரண்டு நிமிடப் பாட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தன.

மீட்டர் எங்கே?

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. நிலையான கட்டணம்தான். 28 லிட்டரில் குளிப்பவரும் 120 லிட்டரில் குளிப்பவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீர்ச் செலவும் பல இடங்களில் சதுர அடிக் கணக்கிலோ, வீட்டுக்கு இவ்வளவு என்றோ பிரிக்கப்படுகிறது. தனியாக வாழும் ஓய்வூதியர், ஐந்து பேர் குளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். மிச்சம் பிடிப்பவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராத ஏற்பாட்டில், 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

மீட்டர் வைப்பது எளிதல்ல என்பதும் உண்மை. பழைய கட்டிடங்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று தனித்தனிக் குழாய்கள் இறங்குகின்றன. ஒரே ஃபிளாட்டுக்கு மூன்று, நான்கு மீட்டர் தேவைப்படும். செலவு ஆகும், சங்கக் கூட்டத்தில் சண்டையும் வரும். ஆனாலும் இது தீராத சிக்கல் இல்லை. புதிய கட்டிடங்களில் வீட்டுக்கு ஒரே நுழைவுக் குழாய், ஒரே மீட்டர் என்று வடிவமைப்பிலேயே கட்டாயமாக்கலாம். பழைய கட்டிடங்களில் முதல் கட்டமாக மொத்தக் கட்டிடத்துக்கும் ஒரு மீட்டர் வைத்து, மாதம் எவ்வளவு போகிறது என்பதையாவது எல்லோருக்கும் தெரியப்படுத்தலாம். 2000களின் தொடக்கத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிக் காட்டிய மாநிலம் இது. அப்போதும் முடியாது என்றுதான் சொன்னார்கள்.

மீட்டர் வரும்போது ஒன்றை மறக்கக் கூடாது. லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களும் இதே சென்னையில்தான் இருக்கிறார்கள். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், ரெயின் ஷவரின் ஒரு நிமிடம் அவர்களுக்கு ஒரு குடம். ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டுக்கு 'குளியலைக் குறையுங்கள்' என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடிப்படைத் தேவைக்கான அளவுவரை குறைந்த கட்டணம், அதற்கு மேல் போகப் போக ஏறும் கட்டணம் என்பதே நியாயம்.

வீட்டுக்குள்ளும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். மிச்சம் பிடித்த பக்கெட்டைத் தூக்கி மாடிச் செடிக்கு ஊற்றுவதும், துடைக்க எடுத்துப் போவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின், வேலைக்கு வரும் அக்காவின் தலையில்தான் விழுகிறது. ஷவரை மூடுவதற்கு அந்தச் சுமை இல்லை. குளிப்பவர்தான் மூட வேண்டும். அதனால்தான் அது முதல் யோசனையாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கும், மாதவிடாய் நாட்களுக்கும் தண்ணீர் கொஞ்சம் அதிகம் ஆகத்தான் செய்யும். ஆகட்டும். வியர்வை பிசுபிசுக்கும் ஊரில் குளியலை யாரும் விடப்போவதும் இல்லை, விடவும் வேண்டாம். இந்த வாரக் கடைசியில் பக்கெட்டை வைத்து உங்கள் ஷவரை அளந்து பாருங்கள். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, 'நம்ம கட்டிடத்துக்கு மாசம் எவ்வளவு தண்ணி போகுது?' என்று கேளுங்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லையென்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.